கண்ணை விற்றவன் கதி என்ன?

ஒரு ஆள் தன் இரண்டு கண்களையும் விற்றான். விலை 9 ஆயிரம் டாலர். வாங்கியவர் ஒரு கோடீஸ்வரி. வாங்கிய கண்ணால் ஒரு நாள் முழுசாகப் பார்க்கக்கூட அந்த அம்மாளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. உயரமான மாடி ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார்.

சரி, விற்றவன் என்ன ஆனான்?

இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் இல்லை.

பதற வேண்டாம். இது நிஜமாக நடந்த சம்பவம் அல்ல. அமெரிக்காவில் டெலிவிஷனுக்கென்றே எடுத்த பேய்ப் படம் ஒன்றில் வரும் கதை. படத்தின் பெயர் 'நைட் கேலரி'. ராத்திரிச் சித்திரக் கூடம் என்று வைத்துக் கொள்ளலாம். 1969-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி, சனிக்கிழமை இரவு, என்.பி.சி. டெலிவிஷன் இதை ஒளிபரப்பியது. ஒரே படத்தில் மூன்று தனித்தனிக் கதை. மூன்றையும் எழுதியவர் ராட் செர்லிங். அதற்கு முன்பே 'ட்விலைட் ஸோன்' தொடரால் அமெரிக்கா முழுக்கப் பெயர் வாங்கியவர். இந்தப் படத்தில் இருட்டு மண்டபத்தில் அவரே கோட்டு சூட்டோடு வருவார். மாட்டியிருக்கும் ஒவ்வொரு சித்திரத்துக்கும் பக்கத்தில் நின்று கதையைத் தொடங்கி வைப்பார்.

படம் நன்றாக ஓடியது. 1970 டிசம்பரிலிருந்து 1973 வரை அதே பெயரில் தொடராகவும் வந்தது. பார்த்தவர்கள் பயந்தார்கள், பாராட்டினார்கள். எல்லாம் சரி. ஆனால் குற்றச் செய்திகளைப் படித்துப் பழகிய ஆட்கள் இந்தப் படத்தைப் பார்த்தால் வேறு ஒரு இடத்தில் இடிக்கும். படத்தில் குற்றவாளிக்குத் தண்டனை உண்டு. பறிகொடுத்தவனுக்கு ஒன்றும் இல்லை!

மூன்று கேஸ்

பேயை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் மூன்று கதையும் போலீஸ் ஸ்டேஷன் சமாசாரம்தான்.

முதல் கதை, சொத்துக்காகக் கொலை. பெரிய பங்களா. கை கால் விளங்காத பணக்காரக் கிழவர். அவருடைய உடன்பிறந்தாள் மகன் ஜெரமி வந்து சேர்கிறான். இதில் நடிப்பவர் ராடி மெக்டோவல். பையன் கொழுப்பும் இளக்காரமுமாகப் பேசுகிற பேச்சுக்கே நாலு அறை கொடுக்கலாம் போல இருக்கும். குளிர் காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கிழவரைச் சாகவிடுகிறான். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. டாக்டர் சர்ட்டிபிகேட்டில் இயற்கைச் சாவு. பங்களா கைக்கு வந்தது.

மாடிப் படி ஓரத்தில் ஒரு சித்திரம். அந்தக் குடும்பத்தின் இடுகாடு. ஒரு நாள் பார்த்தால் அதில் புதுசாக ஒரு குழி. அடுத்து ஒரு சவப்பெட்டி. பிறகு பெட்டி திறக்கிறது. செத்தவர் எழுந்து நடந்து வருகிறார். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் வாசலுக்கு இன்னும் நெருக்கமாக! ஜெரமிக்குப் பித்துப் பிடிக்கிறது. படியிலிருந்து உருண்டு விழுந்து செத்துப் போகிறான்.

பேய்தான் பழி வாங்கிவிட்டது என்று நினைத்தால் அதுதான் தப்பு. எல்லாம் வீட்டு வேலைக்காரர் போர்ட்டிபாயின் கைவரிசை. சித்திரக்காரன் ஒருவனைப் பிடித்து, ஒரே மாதிரி பல படங்கள் வரையச் சொல்லி, மாற்றி மாற்றி மாட்டியிருக்கிறார் மனுஷன். இப்போது பங்களா அவருக்கு. சாய்ந்து உட்கார்ந்தவர் சித்திரத்தைப் பார்க்கிறார். அதில் புதுக் குழி. இந்தத் தடவை மாட்டியது யார்? யாரும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. நிஜப் பேயாக எழுந்து வருகிறவன் ஜெரமி. அதாவது கொலைகாரன்! கொலையுண்ட கிழவர் வரவே இல்லை. அவர் செத்தது செத்ததுதான். அவருக்காக யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாகவும் தெரியவில்லை.

மீட்டர் வட்டி

இரண்டாவது கதைதான் மேலே சொன்ன கண் விவகாரம். பெயரே 'கண்கள்'. டைரக்ட் செய்தவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அப்போது அவருக்கு வயது 22. 'ஜாஸ்', 'ஈ.டி.' எல்லாம் பின்னால் வந்தவை. சம்பளத்துக்கு அவர் டைரக்ட் செய்த முதல் வேலை இது. கையில் கொடுத்ததோ ஜோன் கிராபோர்ட் என்ற பெரிய நட்சத்திரத்தை. பேசாப் பட காலத்திலிருந்து நடித்து ஆஸ்கார் வாங்கிய அம்மாள்.

அவர் ஏற்ற வேஷம் கிளாடியா மென்லோ. பிறவியிலேயே பார்வை இல்லாத பணக்காரி. நியூயார்க்கில் ஒரு பெரிய மாடிக் கட்டடமே அவருக்குச் சொந்தம். அதில் தன்னந்தனியாகக் குடியிருக்கிறார். கண் ஆபரேஷன் செய்யும்படி ஒரு டாக்டரை நெருக்குகிறார். உயிரோடு இருக்கிற ஒருவனின் கண் நரம்பை எடுத்து வைத்தால் சில மணி நேரம், மிஞ்சிப் போனால் அரை நாள் பார்வை கிடைக்குமாம். அதற்குப் பிறகு பழையபடி இருட்டு. கொடுத்தவனுக்கோ ஆயுள் முழுக்க இருட்டு. டாக்டர் முடியாது என்கிறார். அந்த அம்மாள் சிரித்துக் கொண்டே டாக்டருடைய பழைய ரகசியத்தை எடுத்து விடுகிறார். கள்ளத் தொடர்பு, கருக்கலைப்பு, ஒரு பெண்ணின் சாவு. டாக்டர் 'கப்சிப்'.

கண்ணுக்கு ஆள் வேண்டுமே? கிடைத்தான் சிட்னி ரெஸ்னிக். சூதாடி. மீட்டர் வட்டிக் கும்பலுக்கு 9 ஆயிரம் டாலர் பாக்கி. கொடுக்காவிட்டால் ஆளைத் தீர்த்துவிடுவார்கள். டாம் போஸ்லி என்ற நடிகர் இந்த வேஷத்தில் கொஞ்ச நேரம்தான் வருகிறார். அந்தக் கொஞ்ச நேரத்தில் மனசைப் பிசைந்துவிடுகிறார். ஒரு பயந்த சிரிப்பு. கடனை அடைத்துவிடலாம் என்று ஒரு அல்ப சந்தோஷம். ஆபரேஷன் மேஜை வரைக்கும் போகிறான். அதோடு சரி. கதை அவனை விட்டுவிட்டு அந்த அம்மாள் பின்னால் போய்விடுகிறது.

கட்டை அவிழ்க்கும் ராத்திரி. வேலைக்காரர்களை எல்லாம் அனுப்பிவிட்டுச் சித்திரங்களும் சிலைகளுமாக அடுக்கி வைத்துக் காத்திருக்கிறார் மென்லோ அம்மாள். கட்டை அவிழ்க்கிறார். சரவிளக்கு ஒரு கணம் பளிச்சென்று தெரிகிறது. அந்தக் கணத்தில் கரண்ட் போச்சு! வீட்டில் மட்டுமல்ல, நியூயார்க் நகரம் முழுக்க. ஆபரேஷன் தோற்றுவிட்டது, டாக்டர் ஏமாற்றிவிட்டான் என்று கத்திக் கொண்டு இருட்டில் தடவித் தடவி அலைகிறார். பொழுது விடிகிறது. சூரியன் தெரிகிறது. ஆகா என்று கையை நீட்டுவதற்குள் பார்வை மங்கிக் கொண்டே போகிறது. சூரியனை எட்டிப் பிடிக்க ஜன்னலுக்கு ஓடுகிறார். அவ்வளவுதான்.

பௌர்ணமியை மறைத்த கதாசிரியர்

கரண்ட் போன கதையை எழுதும்போது செர்லிங் மனதில் இருந்தது எது என்பது அமெரிக்கர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். 1965 நவம்பர் 9-ந் தேதி சாயங்காலம் ஐந்தரை மணி சுமாருக்கு நியூயார்க் நிஜமாகவே இருண்டது. நயாகரா பக்கத்தில், கனடா எல்லைக்குள் இருந்த மின் நிலையத்தில் ஒரு 'ரிலே' தட்டிவிட்டது. ஒரு கம்பியில் வந்த பாரம் அடுத்த கம்பிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. சில நிமிஷத்தில் சுமார் 3 கோடிப் பேருக்குக் கரண்ட் இல்லை. சுரங்க ரயில்களில் லட்சக்கணக்கானோர் மாட்டிக் கொண்டார்கள். சில இடங்களில் வெளிச்சம் திரும்பிவர 13 மணி நேரம் ஆனது. படம் ஒளிபரப்பானது அந்த ராத்திரிக்குச் சரியாக நாலு வருஷம் நிறைவதற்கு முந்தின நாள்!

ஒரு சில்லறை வேடிக்கை. 1965-ல் அந்த ராத்திரி ஆகாயத்தில் முழு நிலா. விமானங்கள் பத்திரமாக இறங்கியதற்கே நிலா வெளிச்சம் கை கொடுத்தது என்றார்கள். மென்லோ அம்மாள் குடியிருந்த உயரத்துக்கு ஜன்னலைத் திறந்திருந்தால் நிலாவையே பார்த்திருக்கலாம். கதாசிரியர் அதையும் அணைத்துவிட்டார்!

சரி, விஷயத்துக்கு வருவோம். பணக்காரிக்குச் சரியான தண்டனை என்று ஜனங்கள் கை தட்டினார்கள். ஆனால் அதே ராத்திரி அதே நகரத்தில் வேறு எங்கோ ஒரு அறையில் ரெஸ்னிக் கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருப்பான். கரண்ட் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. 9 ஆயிரம் டாலர் வட்டிக்காரன் கைக்குப் போயிருக்கும். அந்த அம்மாள் செத்ததால் இவனுக்கு என்ன லாபம்? கண் திரும்பி வருமா? கோர்ட்டாக இருந்தால் நஷ்ட ஈடு என்று ஒரு வார்த்தையாவது வக்கீல் கேட்பார். பேய் கோர்ட்டில் வாதி தரப்பே கிடையாது.

சாட்சியைக் கொன்றார்கள்

மூன்றாவது கதை இன்னும் பெரிய குற்றம். யூதர்களை லட்சக்கணக்கில் கொன்ற நாஜி முகாமில் அதிகாரியாக இருந்த ஒருவன் பெயரை மாற்றிக் கொண்டு தென் அமெரிக்காவில் பதுங்கியிருக்கிறான். எப்போதும் யாரோ பின்தொடர்கிற பயம். ஓடி ஓடிக் களைத்தவன் ஒரு மியூசியத்தில் நுழைகிறான். அங்கே ஒரு சித்திரம். ஏரி, சின்னப் படகு, நிம்மதியாக ஒரு மீன்காரன். அந்தப் படத்துக்குள்ளேயே போய்விட முடியாதா என்று ஏங்குகிறான்.

அதே மியூசியத்துக்கு ஒரு கிழவர் வருகிறார். முகாமிலிருந்து உயிர் தப்பியவர். சாம் ஜாபே நடிக்கிறார். அவர் பார்ப்பது வேறு சித்திரம். முகாமில் சிலுவையில் அறைந்த ஒரு மனிதன். நாஜியை அவர் அடையாளம் கண்டுகொள்கிறார். சாட்சி ஆயிற்றே, விடுவானா? தீர்த்துக் கட்டிவிடுகிறான். துப்பறிகிறவர்கள் துரத்த, ராத்திரியில் மியூசியத்துக்குள் புகுந்து, கும்மிருட்டில் படகுச் சித்திரம் இருந்த இடத்தில் நின்று உள்ளே எடுத்துக் கொள் என்று வேண்டுகிறான். வேண்டுதல் பலித்தது. ஆனால் அன்றைக்கு அங்கே படகுச் சித்திரம் இல்லை. மாற்றி மாட்டிவிட்டார்கள். இப்போது சிலுவையில் தொங்குவது அவன்!

மூன்றில் இதுதான் ஓரளவு நியாயமான தீர்ப்பு. செத்தவர்களின் வேதனை எதுவோ, அதற்குள்ளேயே கொன்றவனைப் போட்டு அடைத்தாயிற்று. ஆனாலும் சாட்சி சொல்ல வேண்டிய கிழவரின் வாயைக் கதை அடைத்துவிட்டது.

நிஜத்தில் என்ன நடந்தது? 1960 மே 11-ந் தேதி, அர்ஜென்டினாவில் பியூனஸ் அயர்ஸ் நகருக்கு வெளியே, வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்த அடால்ப் ஐக்மனை இஸ்ரேல் ஆட்கள் அமுக்கிப் பிடித்தார்கள். ஜெருசலேமில் 1961-ல் விசாரணை. சுமார் நூறு பேர் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் பேசிக் கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தார். அதையும் உலகம் பார்த்தது. 1962-ல் ஐக்மன் தூக்கில் தொங்கினான். ஐக்மன் செத்ததைவிட, அந்த நூறு பேர் வாய் திறந்ததுதான் பெரிய காரியம். அதுவரை முகாமில் நடந்ததைப் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர்.

பிடிபடாதவனும் உண்டு. ஆஷ்விட்ஸ் முகாமில் ஆட்களை வைத்துப் பரிசோதனை நடத்திய டாக்டர் ஜோசப் மெங்கலே. 'நைட் கேலரி' ஒளிபரப்பான ராத்திரியில் இந்த ஆள் பிரேசில் நாட்டில் உயிரோடு இருந்தான். 1979 பிப்ரவரியில் கடலில் குளிக்கும்போது செத்தான். வேறு பெயரில் புதைத்தார்கள். 1985-ல்தான் குழியைத் தோண்டி ஆளைக் கண்டுபிடித்தார்கள். கடைசிவரை எந்தச் சித்திரமும் அவனை உள்ளே இழுத்துக் கொள்ளவில்லை.

கோக்கோ கோலா பாட்டில்

இதையெல்லாம் செர்லிங் அறியாதவரா? நன்றாக அறிந்தவர். அங்கேதான் சமாசாரம் இருக்கிறது.

1955 ஆகஸ்டில் மிசிசிபி மாகாணத்தில் எம்மட் டில் என்ற 14 வயது கறுப்பினப் பையனை வெள்ளைக்காரர்கள் கடத்திக் கொண்டு போய்க் கொன்றார்கள். பிடிபட்ட இரண்டு பேரையும் வெள்ளைக்காரர்கள் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரத்தில் விடுதலை செய்தது. சில மாதம் கழித்து, ஆமாம் நாங்கள்தான் கொன்றோம் என்று அந்த இரண்டு பேரும் ஒரு பத்திரிகைக்குக் காசு வாங்கிக் கொண்டு சொன்னார்கள். ஒரு தடவை விடுதலையானவர்களை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

கொதித்துப் போன செர்லிங் இதை டெலிவிஷன் நாடகமாக எழுதினார். விஷயம் வெளியே கசிந்தது. தென் மாகாண வெள்ளையர் சங்கங்கள் எதிர்த்துக் கடிதம் எழுதிக் குவித்தன. பணம் போடும் விளம்பரக் கம்பெனி நடுங்கிவிட்டது. 1956 ஏப்ரலில் நாடகம் ஒளிபரப்பானபோது ஊர் தெற்கில் இல்லை, வடக்கே நியூ இங்கிலாந்துக்குப் போய்விட்டது. செத்தவன் கறுப்பினத்தான் இல்லை, பெயர் தெரியாத யாரோ ஒரு வெளிநாட்டான். காட்சியில் கோக்கோ கோலா பாட்டில்கூட இருக்கக் கூடாதாம். அது தெற்கத்திப் பானமாயிற்றே!

கவனியுங்கள். கொலையைக் காட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. கெட்டவனைக் காட்டாதே என்றும் சொல்லவில்லை. செத்தவன் யார் என்று மட்டும் சொல்லக் கூடாது! அதன் பிறகுதான் செர்லிங் பேய், பூதம், வேற்றுக் கிரகம் என்று திரும்பினார். மனுஷனைப் பற்றிச் சொல்ல முடியாததை அவற்றைப் பற்றிச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். கணக்கு பலித்தது. ஆனால் பழைய கத்தரிக்கோல் அவர் கையிலேயே ஒட்டிக் கொண்டது போல இருக்கிறது. கெட்டவனை விலாவாரியாகக் காட்டுகிறார். பாதிக்கப்பட்டவன் வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறான்.

இன்னொரு விஷயம். 1967-ல் செர்லிங் மூன்று குறுநாவல்களை ஒரே புத்தகமாக வெளியிட்டார். கண் விற்ற கதையும் நாஜி கதையும் அதில் உண்டு. மூன்றாவது கதை நிறவெறியைப் பற்றியது. படமாக வந்தபோது அந்த இரண்டும் இருந்தன. நிறவெறிக் கதை இல்லை. அந்த இடத்தில் வந்ததுதான் சொத்துக் கொலைக் கதை. அதில் வேலைக்காரர் போர்ட்டிபாயாக நடித்தவர் ஓசி டேவிஸ். 1965-ல் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருடைய இறுதிச் சடங்கில் அஞ்சலி உரை ஆற்றியவர். அப்பேர்ப்பட்ட ஆளுக்குக் கிடைத்தது ஏமாற்றுக்கார வேலைக்காரன் வேஷம். அதையும் அவர் கம்பீரமாகத்தான் செய்திருக்கிறார். அது வேறு விஷயம்.

செர்லிங்கை இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. 1975-ல், 50 வயதிலேயே செத்துப் போனார். உயிரோடு இருந்தவரை விளம்பரக் கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றவர். ரெஸ்னிக் மாதிரி ஒரு ஆளைக் கதையில் கொண்டு வந்ததே பெரிசு என்று சொல்வாரும் உண்டு. அதுவும் நியாயம்தான். ஆனால் கொண்டு வந்தவர் கூடவே நாலு நிமிஷம் நடந்து போய், ஆபரேஷன் முடிந்து அவனை வீட்டில் கொண்டு விட்டிருக்கலாம். அந்த நாலு நிமிஷத்துக்கு முன்னால் எந்தச் சித்திரப் பேயும் நிற்க முடியாது.

சட்டம் வந்தது

கண் வியாபாரம் என்பது கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. கண் நரம்பை ஒட்டிப் பார்வை கொடுக்க இன்றைக்கும் எந்த டாக்டராலும் முடியவில்லை. 2023-ல் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையே எடுத்துப் பொருத்தினார்கள். கண் நிலைத்தது, பார்வை வரவில்லை. ஆனால் ஏழையின் உடம்புக்கு விலை பேசுவது மட்டும் நிஜம். 1983-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில், லைசென்ஸ் பறிபோன டாக்டர் ஒருவர் கிட்னி வியாபாரத்துக்குக் கடை விரிக்கப் பார்த்தார். ஏழைகளிடம் கிட்னி வாங்கி, தேவைப்பட்டவர்களுக்குக் கைமாற்றிவிட்டு, நடுவில் கமிஷன் எடுப்பது என்று திட்டம். வெளிநாட்டு ஏழைகளையும் கொண்டு வரலாம் என்றார். நாடே கூச்சல் போட்டது.

அடுத்த வருஷமே, 1984-ல், சட்டம் வந்தது. உறுப்புகளைக் காசுக்குக் கைமாற்றினால் 5 வருஷம் ஜெயில், அல்லது 50 ஆயிரம் டாலர் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விழலாம். எந்தெந்த உறுப்பு என்று சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. அதில் கண்ணும் உண்டு.

அந்தச் சட்டத்தை வைத்து மென்லோ அம்மாள் கேஸைப் பதிவு செய்வதாக வைத்துக் கொள்வோம். முதல் எதிரி மென்லோ அம்மாள். இரண்டாவது எதிரி டாக்டர். சட்டத்தின் வாசகம் வாங்கியவனை மட்டும் சொல்லவில்லை, காசுக்காகக் கைமாற்றியவனையும் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே மூன்றாவது எதிரி, கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருக்கும் சிட்னி ரெஸ்னிக்.